மூன்றாம் கட்டு வந்து சேராத மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அட்டன் கடைவீதியில், ஒரு புடவைக்கடையின் மாடியில் நான் கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

என்ன களவு? சொல்கிறேன். அதற்காகத்தானே இந்த வாரப் பத்திரிகைப் பத்திக்குப் பேனாவை எடுத்திருக்கிறேன்!

தோட்டப் பாடசாலையில் தலைமை ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "களவெடுக்கக் கூடாது" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு எத்தனையோ வெண்கட்டிகளைத் தேய்த்த கை இது. அந்தக் கைக்கு இந்த வயதில் இப்படி ஒரு வாக்குமூலம் எழுத வேண்டிய நிலை.

முதலில் அந்த மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கீழே புடவைக்கடை. மேலே எங்கள் வாசிகசாலை. இரண்டுக்கும் முதலாளி தங்கராசு. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே புத்தகக் கூட்டம். ஒரு மாதத்துக்கு ஒரு நாவல். எல்லோரும் வாசித்துவிட்டு வர வேண்டும். வந்து சண்டை பிடிக்க வேண்டும். பால் விடாத பிளேன்டீயும் பணிசு என்கிற பன்னும் முதலாளியின் உபயம்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இதில் ஒரு சிக்கல். இந்தியாவிலிருந்து இப்போது புத்தகம் வந்து சேர்வதே பெரும்பாடு. ஒரு நாவலுக்கு ஒரு பிரதி கிடைத்தால் அதிர்ஷ்டம். வாசிக்க வேண்டியவர்களோ டயகமவில் ஒருவர், பொகவந்தலாவையில் ஒருவர் என்று மலைக்கு ஒருவராக இருக்கிறோம். ஒருவர் முடித்து அடுத்தவருக்குக் கொடுத்து… கூட்டம் வருஷத்துக்கு ஒன்றுதான் நடக்கும்.

தங்கராசு ஒரு வழி கண்டுபிடித்தார். "துணி வெட்டுறவனுக்குப் புத்தகம் வெட்டத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, நாவலின் தையலைப் பிரித்து நாலு கட்டாக்கினார். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு காக்கித்தாள் அட்டை. அதன்மேல் பெரிதாக இலக்கம். கூட்டம் முடிந்ததும் நாலையும் சேர்த்து மறுபடி தைத்து அலுமாரியில் வைத்துவிடுவார்.

இந்தக் கட்டுகள் ஊர்வலம் போகிற அழகே தனி. பஸ் கொண்டக்டர் கையில் ஒன்று. தேயிலைக் கொழுந்து லொறியில் ஒன்று. பாண்காரரின் ரொட்டிப் பெட்டியில் சூட்டோடு சூடாக ஒன்று. சில பக்கங்களில் சீனிச் சம்பல் கறைகூட இருக்கும். யார் கைக்கு எது முதலில் கிடைக்கிறதோ, அதுதான் அவருக்கு ஆரம்பம். கல்யாணமே ஆகாத கதாநாயகிக்குப் பேரப்பிள்ளை எப்படி வந்தது என்று கண்டாக்கு ராமையா ஒரு வாரம் முழுக்கத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். தோட்டத்தில் மலைமலையாக ஏறி வேலையாட்களை மேற்பார்த்துக் கணக்குச் சொல்லும் மனிதர், பாவம், அந்தக் கணக்கு மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

இந்தச் சபைக்கு நான் தலைவர். ஏன்? பென்ஷன்காரன். சொந்தமாக ஒரு கோட்டு இருக்கிறது. வேறென்ன தகுதி வேண்டும்?

ஆனால் ஒன்று… என் அபிப்பிராயங்களுக்கு அங்கே தனி மரியாதை. ஒரு மாதம், குடும்பத்தைத் துறந்து காட்டுக்குப் போன ஒரு கதாநாயகனை எல்லோரும் ஆகா ஓகோ என்று புகழ்ந்தார்கள். நான் நிதானமாக எழுந்து, "இவன் துறவி இல்லை. நாலு பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வந்த வீட்டிலிருந்து நழுவியவன்" என்றேன். டீமேக்கர் செபமாலை மேசையைத் தட்டிய தட்டில் பிளேன்டீ கவிழ்ந்தது. "இந்த மனுஷனுக்கு மூளையா, மெஷினா!" என்று ஒரு மாதம் முழுக்கத் தான் மேற்பார்க்கும் தேயிலைத் தொழிற்சாலையில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அந்த வாக்கியம் என்னுடையது அல்ல.

என் மனைவி மரகதத்தினுடையது.

சில வருஷங்களுக்கு முன் எனக்குக் கண்ணில் ஒரு சத்திர சிகிச்சை நடந்தது. அப்போதுதான் மரகதம் எனக்குப் புத்தகம் வாசித்துக் காட்டத் தொடங்கினாள். கல்யாணத்துக்கு முன் அவளும் மிஷன் பாடசாலையில் படிப்பித்தவள்தான். சாயந்தர வேளை, குளிருக்கு அடக்கமாக அடுப்படியில் இருவரும் உட்காருவோம். அவள் வாசிப்பது தெருச்சண்டையை வேடிக்கை பார்ப்பது போல இருக்கும். பாதியில் நிறுத்துவாள். "போடா, நீயும் ஒரு ஆம்பளையா?" என்று கதாநாயகனைத் திட்டுவாள். "இவ அழுவுறது பொய்யி. நாளைக்கே பாருங்க, புதுச்சீலை கேப்பா" என்பாள். அடுத்த அத்தியாயத்தில் அந்தக் கதாநாயகி புதுச்சேலை கேட்டிருப்பாள்!

நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்டதையெல்லாம் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு அட்டனுக்குப் பஸ் ஏறுவேன்.

பிறகு கண்ணாடி வந்தது. எழுத்துத் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும், "எழுத்து ஆடுது மரகதம், நீயே வாசி" என்றேன். எழுத்து ஆடவில்லை. ஆடியது என் மனசாட்சி. அதைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன்.

அவளை ஏன் கூட்டத்துக்குக் கூட்டிப் போகவில்லை என்று கேட்பீர்கள். பெண்கள் வரக் கூடாதென்று சட்டமா? இல்லை. தோட்டத்து மருத்துவிச்சி நேசம்மா ஆரம்பத்திலிருந்தே வருகிறார். வந்தால் அந்த மாடியில் அவர் குரல்தான் பெரிது. ஒரு தடவை மரகதமே வாய்விட்டுக் கேட்டாள். "உனக்கு பஸ்ஸுல தலை சுத்தும்" என்றேன். அவளுக்கு ஒருநாளும் பஸ்ஸில் தலை சுற்றியதில்லை. எனக்குத்தான் சுற்றும்.

ஒவ்வொரு கூட்டம் முடிந்து வந்ததும் ஆவலோடு விசாரிப்பாள்.

"என்னா பேசினாங்க?"

செபமாலை சொன்னது, ராமையா சொன்னது எல்லாம் சொல்வேன்.

"நீங்க என்னா சொன்னீங்க?"

"என்னமோ… நாலு வார்த்தை."

அந்த நாலு வார்த்தை யாருடையது என்று நான் சொன்னதில்லை. ஒரு தடவைகூட.

சரி, இந்த மாதக் கதைக்கு வருகிறேன். நாவலில் ஒரு தாய். சின்ன வயதிலேயே மகனைத் தூர ஊர் விடுதியில் கொண்டுபோய் விடுகிறாள். பிறகு போய்ப் பார்ப்பதே இல்லை. இது முதல் இரண்டு கட்டுகளில். நாலாம் கட்டில் மகன் பெரிய உத்தியோகஸ்தனாகத் திரும்பி வருகிறான். தாய் கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்து, "வந்த வழியே போய்விடு" என்கிறாள். மகன் போகாமல் கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறான். கதை முடிந்தது.

மூன்றாம் கட்டு? அது வரவில்லை! எல்லோர் கைக்கும் போய்விட்டுக் கடைசியாக எனக்கு வர வேண்டியது, எங்கேயோ தங்கிவிட்டது.

மரகதம் நாலாம் கட்டை மூடிவிட்டுப் பொரிந்து தள்ளினாள். "கல்லு! பெத்த புள்ளைய வாசல்ல நிறுத்துறாளே, இவளுக்கு நெஞ்சுக்குள்ள கருங்கல்லு இருக்கு. அந்தப் பயலும் மடையன். இந்தக் கல்லுக்கு முன்னால உக்காந்து தவம் பண்ணுறான்."

எனக்கு இது போதாதா? கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை என் பழைய மாணவன் ஒருவனுக்கு நுவரெலியாவில் கல்யாணம். அங்கேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமை நேரே அட்டனுக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. மூன்றாம் கட்டை நான் மறந்தே போனேன். நாலில் மூன்று வாசித்தவனுக்கு மீதி ஒன்று எதற்கு? அதுவும் தலைவருக்கு!

கூட்டம் தொடங்கியது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இந்தத் தாயின் நெஞ்சுக்குள் இருப்பது கருங்கல். ஒரு காரணமும் இல்லாமல் பெற்ற பிள்ளையைத் தள்ளி வைத்தவள்."

பணிசைக் கடித்த வாய்கள் அப்படியே நின்றன.

"ஒரு காரணமும் இல்லாமலா மாஸ்டர்?" என்றார் நேசம்மா.

ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பின்வாங்கலாமா? தலைவர் பின்வாங்குவதா?

"என்ன காரணம் சொன்னாலும் அது காரணம் ஆகாது" என்றேன், பலமாக.

கண்டாக்கு ராமையா முகம் மலர்ந்துவிட்டது. "ஐயா சொல்றதுதாங்க சரி. அவளுக்குக் காச வியாதின்னா என்னாங்க? பெத்தவளுக்குப் புள்ளைய பாக்காம இருக்க முடியுமா?"

காச வியாதியா! என்ன காச வியாதி? யாருக்கு?

"வியாதி…" என்று இழுத்தேன். "வியாதி என்பது உடம்பில் இருக்கிறதா, மனதில் இருக்கிறதா? அதுதான் கேள்வி."

செபமாலை மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா! நாமெல்லாம் அந்தத் தாய்க்காக அழுதுட்டு வந்திருக்கோம். மாஸ்டர் ஒருத்தருதான் வேற மாதிரி யோசிச்சிருக்காரு!"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். படியின் முடிவில் ஒரு தலை தெரிந்தது. சேலைத் தலைப்பால் முக்காடு, அதில் மழைத்தூறல். மரகதம்! மூச்சு வாங்க நின்றவள், என்னை மட்டும்தான் பார்த்தாள்.

"ஏங்க! மூணாங் கட்டு நேத்து சாயந்தரந்தாங்க வந்துச்சி. அதப் படிக்காம நீங்க ஒன்னும் பேசிடாதீங்க!"

சிரிப்பு வெடிக்க ஒரு கணம் ஆயிற்று. பிறகு வெடித்தது பாருங்கள்… கீழே புடவைக்கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்களாம்.

"அப்ப மாஸ்டர் மூணாங் கட்டு படிக்கவே இல்லையா?" என்று கண்ணீர் வரச் சிரித்தார் செபமாலை. "பின்ன அந்த வியாதி உடம்புலயா மனசுலயான்னீங்களே, அது என்னா?"

மரகதத்துக்கு அப்போதுதான் சபை கண்ணில் பட்டது. வெட்கத்தோடு இறங்கிப் போகத் திரும்பினாள். நேசம்மா எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போறீங்க? வாங்கக்கா, உக்காருங்க. தப்பு ஏம்மேலதான். பிரசவம் பாக்கப் போன லயத்து வீட்டுல அந்தக் கட்டையும் பைக்குள்ள கொண்டு போனேன். வலி விட்டு விட்டு வந்துச்சி. சும்மா இருக்கிற நேரத்துல அந்தப் பொண்ணுக்கு வாசிச்சிக் காட்டினேன். புள்ள பொறந்துடுச்சி, கதை முடியல. 'மிச்சத்த கேக்காம கட்டத் தரமாட்டேன் நர்ஸம்மா'ன்னு தலகாணிக்கு அடியில வச்சிக்கிடுச்சி. தினம் புள்ளைய பாக்கப் போறப்ப ரெண்டு பக்கம், மூணு பக்கம்னு வாசிச்சி முடிச்சி, நேத்துதான் பாண்காரர் கையில குடுத்து அனுப்பினேன்."

"புள்ளைக்கு அந்தக் கதாநாயகன் பேரையே வச்சிட்டாங்களா?" என்றார் தங்கராசு.

"பொறந்தது பொம்பளப் புள்ள!"

மறுபடி சிரிப்பு. மரகதமும் சிரித்தாள். பணிசு வந்தது, பிளேன்டீ வந்தது. இனி யாரும் என்னைக் கவனிக்கப் போவதில்லை என்று நானும் ஆறுதலாக நாற்காலியில் சாய்ந்தேன்.

"நீங்களும் படிச்சீங்களாக்கா?" என்று கேட்டார் நேசம்மா.

"நான் சும்மா… இவருக்கு வாசிச்சிக் காட்டுவேன்."

"அப்ப சொல்லுங்க. அந்தத் தாய் செஞ்சது சரியா, தப்பா?"

மரகதம் என்னைப் பார்த்தாள். நான் வெற்றுக் கிளாஸைப் பார்த்தேன்.

"முந்தி நான் கல்லுன்னுதான் நெனச்சேன்" என்று தயங்கித் தயங்கித் தொடங்கினாள். "மூணாங் கட்டு படிச்ச பெறகு இல்லேன்னு தெரிஞ்சிது. சின்னப் புள்ளைய தூர வச்சா, சரி. தொத்து வியாதி. ஆனா அவன் வளந்து ஆளாயிட்டானே? அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா? 'எனக்கு இப்புடி இருக்கு. உள்ள வாரியா, வெளிய நிக்கிறியா'ன்னு அவன முடிவு பண்ண விட்டாளா? அவனுக்கும் சேத்து இவளே முடிவு பண்ணிட்டா. பாசந்தான். இல்லேங்கல. ஆனா அந்தப் பாசத்துல கொஞ்சம் அதிகாரமும் கலந்திருக்கு."

செபமாலை மேசையைத் தட்டக் கையைத் தூக்கி, தட்டாமலே இறக்கினார். "அம்மா அப்புடியே மாஸ்டர் மாதிரியே பேசுறாங்க! புருஷன்கிட்ட நல்லா கத்துக்கிட்டு இருக்காங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். ராமையா என்னைப் பெருமையோடு பார்த்தார்.

மரகதம்? அவளும் மெல்லத் தலையாட்டினாள். "ஆமாங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. என் மானத்தைக் காப்பாற்ற அவள் சுலபமாக ஒரு பொய் சொன்னாள், அவ்வளவுதான்.

வாசகர்களே, எத்தனையோ நாள் அவளிடமிருந்து எடுத்தேன். அப்போதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை. அன்று அவளாகவே எடுத்துக் கொடுத்தாள் — அதை என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்து நின்றேன்.

"அவள் என்னிடம் கற்கவில்லை" என்றேன். "நான் இந்த மாடியில் இதுவரை சொன்னதெல்லாம் அவள் அடுப்படியில் சொன்னது. துறவி விஷயம், புதுச்சேலை விஷயம், இன்றைய கருங்கல், எல்லாம். நான் கொண்டுவந்து என் பெயரில் விற்றேன்."

கீழே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

முதலில் பேசியவர் செபமாலை. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு மரகதத்தின் பக்கம் திரும்பினார். "அப்ப போன மாசம், என் மண்டைக்குள்ள இருக்கிறது டஸ்டுத் தூள்னு மாஸ்டர் சொன்னாரே… அதுவும் நீங்க சொன்னதுதானாம்மா?"

"ஐயையோ, இல்லீங்க!" என்று பதறினாள் மரகதம். "அது இவரு சொந்தமா யோசிச்சது."

அடடா… அந்தச் சிரிப்பு! செபமாலைதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மரகதத்தின் பக்கத்தில் போட்டார். "உக்காருங்க மாஸ்டர். இன்னைக்குத்தான் நீங்க ஒழுங்கா பேசியிருக்கீங்க" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். நேசம்மா மரகதத்தை விடவில்லை. "அக்கா, நீங்க சொன்னத நான் ஒத்துக்கமாட்டேன். காச நோய் வார்டு நீங்க பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். 'உள்ள வாரியா'ன்னு கேட்டா எந்தப் புள்ள வரமாட்டேங்கும்? கேக்குறதே அவன சாகடிக்கிறதுதான்."

மரகதத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கல்யாணப் பெண்ணாக இருந்தபோதுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

"அப்புடி வாரீங்களா?" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க…"

பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் தோற்றார், மற்றவர் ஜெயித்தார், பிறகு மாறித் தோற்றார்கள். ராமையா இரண்டு பக்கமும் தலையாட்டிக் கழுத்து வலிக்கிறது என்றார். பிளேன்டீ மறுபடி வந்தது, ஆறியது. தங்கராசு கடையைப் பூட்டவே மறந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் களவெடுத்தது கைதட்டலை என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்? கைதட்டல் என்ன பெரிய விஷயம்! ஒரு அபிப்பிராயம் சொன்னால் அதற்கு ஒரு மறுப்பு வர வேண்டும். மறுப்புக்கு ஒரு பதில் பிறக்க வேண்டும். அந்தச் சண்டையில்தானே ருசி இருக்கிறது? அவள் சொன்னதை நான் மலையிறக்கிக் கொண்டுபோனேன். வந்த பதில்களை அங்கேயே விட்டுவிட்டு வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். இத்தனை வருஷமும் ஒருவரும் மறுத்துப் பேசாத தனிமையில் அவள் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எத்தனை வீடுகளில் இப்படி எத்தனை பேர் பேசிக்கொண்டிருக்கிறார்களோ! வெளியே கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பவர்களைக் கேட்டால் தெரியும். என்னைப் போல உண்மையைச் சொன்னால்.

வீடு திரும்பும் டயகம பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. எனக்குத் தலை சுற்றியது.

"மன்னிச்சிக்க மரகதம்" என்றேன்.

"அத விடுங்க" என்றாள், வெளியே பனிமூட்டத்தைப் பார்த்தபடி. "அந்த நர்ஸம்மா வார்டு வார்டுன்னாங்களே, அதுக்கு நான் சொல்லாம விட்ட பதில் இப்பத்தான் ஞாபகம் வருது. வார மாசம் இருக்கு அவங்களுக்கு!"

பிறகு என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டாள். "ஆமா, அந்தத் தாயப் பத்தி நீங்க என்னா நெனைக்கிறீங்க?"

நான் யோசித்தேன். பஸ் பல வளைவுகள் ஏறியது. நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன். அபிப்பிராயம் என்பது சும்மா வருவதில்லை என்று அந்தப் பயணத்தில்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போனதும் மூன்றாம் கட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நானே வாசித்தேன். எழுத்து ஆடவே இல்லை.

எழுதி முடித்த இந்தப் பத்தியை நேற்று மரகதத்துக்கு வாசித்துக் காட்டினேன். இந்த முறை வாசித்தவன் நான், கேட்டவள் அவள். முழுக்கக் கேட்டுவிட்டு, "ரெண்டு எடத்துல சறுக்கியிருக்கீங்க" என்றாள்.

எந்த இடம் என்று கேட்டேன்.

"அது என் அபிப்பிராயம். ஒங்களுக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.